கட்டணமில்லா மாலைப்பொழுது



விடுமுறை நாள் வந்தால் நம் இல்லங்களில் எழும் முதல் வினா, “எங்கே போகலாம்?” என்பதே. ஆடவருக்கு அந்த வினாவுக்கு விடை எளிது. தேநீர்க் கடை இருக்கிறது. பள்ளிவாசல் திண்ணை இருக்கிறது. நண்பர்களோடு கூடிப் பேசக் கடற்கரை இருக்கிறது. சிறுவர்களுக்குப் பந்தாடும் திடல் இருக்கிறது. இல்லத்தரசியருக்கும் வயது முதிர்ந்த தாய்மாருக்கும் என்ன இருக்கிறது? நான்கு சுவர்களும் ஒரு திரையும்! உலகின் பாட்டும் கூத்தும் முழுவதும் கைப்பேசி வழியே உள்ளங்கைக்கு வந்துவிட்டன. ஆனால் ஒரு வீட்டில் ஐவர் இருந்தால் ஐவரும் ஐந்து மூலைகளில் ஐந்து வெவ்வேறு காட்சிகளைக் கண்டுகொண்டிருக்கின்றனர். பொழுது போகிறது, குடும்பம் கூடுவதில்லை.

ஆகவே இம்மாதம், திறந்த வெளியில், பலரோடு சேர்ந்து, கண்ணெதிரே நிகழ்வதைக் கண்டு மகிழும் மாலைப்பொழுதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்துக்குத் தெற்கே உள்ள அனுமந்தையையும், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே பேருந்தில் எளிதாகச் சென்றடையும் புதுவை நகரையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வேறு கடற்கரை ஊர்களில் வாழும் நேயர்கள் தத்தம் ஊருக்குப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

உப்பு வண்டியும் பாணர் யாழும்

மரக்காணம் என்றாலே உப்பளம்தான் நினைவுக்கு வரும். தை, மாசியில் தொடங்கி மழை வரும் வரை பாத்திகளில் உப்பு விளைகிறது. ஆணும் பெண்ணும் காலை வெயிலுக்கு முன்பே இறங்கி உப்பு வாருகின்றனர். ஒரு மரத்து நிழலும் இல்லாத வெட்டவெளியில், வெண்மையின் கூச்சம் கண்ணை வருத்த உழைப்பவர்கள் அவர்கள். இத்தகைய மண்ணில் பாட்டுக்கும் களிப்புக்கும் இடமேது என்று எண்ணத் தோன்றும்.

ஆனால் இம்மண்ணின் பழைய வரலாறு வேறு விதமாகப் பேசுகிறது. சங்க இலக்கியமான பத்துப்பாட்டில் ஒன்று சிறுபாணாற்றுப்படை. நல்லூர் நத்தத்தனார் என்ற புலவர், ஓய்மா நாட்டு நல்லியக்கோடன் என்ற சிற்றரசனைப் புகழ்ந்து பாடியது. யாழிசைக்கும் பாணன் ஒருவனுக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்லும் நூல் அது. அந்த வழியில் வரும் கடற்கரைப் பட்டினமாகிய எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்றே அறிஞர் பலர் கருதுவர். அந்நூலில் ஓர் இனிய காட்சி உண்டு. உப்பு வணிகரான உமணர், வண்டியில் குடும்பத்தோடு செல்கின்றனர். அவர்கள் பிள்ளை போல் வளர்த்த மந்தி, அவர்தம் புதல்வரோடு சேர்ந்து, முத்தைக் கிளிஞ்சலுக்குள் இட்டுக் கிலுகிலுப்பையாக ஆட்டி விளையாடுகிறது. உப்புச் சுமந்த வழியிலேயே யாழும் சென்றது. பிள்ளைகளின் சிரிப்பும் சென்றது. உழைப்பும் களிப்பும் ஒரே பாதையில் நடந்த கரை இது.

இன்றும் இவ்வட்டாரத்துச் சிற்றூர்த் திடல்களில் கோடைக்காலத்தில் தெருக்கூத்து விடிய விடிய நடைபெறுகிறது. தமிழ் நாடகப் பெரியார் சங்கரதாஸ் சுவாமிகள் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1922ஆம் ஆண்டு மறைந்ததும் புதுவையில்தான். அனுமந்தையிலிருந்து புதுவை செல்லும் வழியில், காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குடும்பத்தோடு காண்பது

“வேடிக்கை பார்ப்பது நமக்கு ஆகுமா?” என்று தயங்குவோர் நம்மில் உண்டு. ஆபாசமும் வீண் ஆரவாரமும் விலக்க வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் தூய்மையான களிப்பு எல்லாவற்றையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பது பொருந்தாது. ஒரு பெருநாள் அன்று அபிசீனியர் சிலர் பள்ளிவாசலில் ஈட்டி கொண்டு வீர விளையாட்டு நிகழ்த்தியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் காண விரும்பியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே மறைப்பாக நின்று, அன்னையார் போதும் என்னும் வரை காணச் செய்ததையும் ஹதீஸ் நூல்கள் எடுத்துரைக்கின்றன. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. வேடிக்கை நடந்தது, அதைப் பெண்ணும் கண்டார். கணவர் அவசரப்படுத்தவில்லை; அவர் மனம் நிறையும் வரை காத்து நின்றார். “நேரமாயிற்று, கிளம்பு” என்று கடற்கரையில் உட்கார்ந்த ஐந்தாம் நிமிடத்திலேயே எழுப்பிவிடும் ஆடவர், இதைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம்.

புதுவைக் கடற்கரையில்

புதுவைக் கடற்கரைச் சாலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ளது. மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை அங்கே வாகனங்கள் செல்லத் தடை. இந்த ஓர் ஏற்பாடு எத்துணை பெரிய நன்மை என்பதைத் தள்ளாத வயதில் உள்ள பாட்டியையும் தத்தி நடக்கும் பேரனையும் ஒருங்கே அழைத்துச் சென்றவர்களே அறிவர். ஒலிப்பான் அலறல் இல்லை. குழந்தை கையை உதறி ஓடினாலும் நெஞ்சு பதைப்பதில்லை. நுழைவுச் சீட்டும் இல்லை. செல்வரும் ஏழையும் ஒரே சுவரில் அமர்ந்து ஒரே காற்றை வாங்குகின்றனர்.

அந்தக் காற்றுக்கும் ஒரு காரணம் உண்டு. பகலில் நிலம் விரைவில் சூடேறுகிறது. கடல் மெல்லச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள வெப்பக் காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடல் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. சித்திரை, வைகாசியில் இக்காற்று நண்பகலிலேயே வந்துவிட்டால் நாள் தணிந்திருக்கும்; பிந்தினால் நகரமே வெந்து போகும். இக்காற்று முதலில் தொடுவது கரையை. ஆதலால்தான் கடற்கரை மாலை, குளிரூட்டும் பெட்டி வாங்க இயலாதவரின் குளிர் அறையாக விளங்குகிறது.

நேரடிக் கலைகளுக்கும் இச்சாலை நல்ல அரங்கு. காந்தி சிலையை ஒட்டிய காந்தித் திடலில் கலை நிகழ்ச்சிகள் நடைபெறுவது வழக்கம். 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் பிரெஞ்சியரிடமிருந்து ஆட்சி கைமாறியதை நினைவுகூரும் விடுதலை நாளிலும், ஆகஸ்டு 15 அன்றும் அணிவகுப்பும் காவலர் இசைக்குழுவும் காணத்தக்கவை. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இன்றும் நகரில் வாழ்வதால், ஜூலை 14ஆம் நாளாகிய பிரெஞ்சுத் தேசிய விழாவை ஒட்டி விளக்கேந்திய ஊர்வலம் இசையோடு தெருக்களில் செல்லும். பிள்ளைகளுக்குப் பாடநூல் சொல்லும் வரலாறு அங்கே காலால் நடந்து வரும்.

அரங்கை விட்டுத் திடலுக்குக் கலை வருவது மற்ற நகரங்களிலும் நடந்துள்ளது. சென்னையில் 2007ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘சென்னை சங்கமம்’, கரகம், ஒயில், பறை, தெருக்கூத்து ஆகியவற்றைப் பூங்காக்களுக்கும் கடற்கரைக்கும் கொண்டு வந்தது. சில ஆண்டுகள் நின்றிருந்து, 2023ஆம் ஆண்டுப் பொங்கலின்போது மீண்டும் தொடங்கியது. சீட்டு வாங்கி அரங்கினுள் செல்லத் தயங்கும் குடும்பம், பூங்காவில் தயக்கமின்றி நின்று காண்கிறது. பறையின் அதிர்வு நெஞ்சில் படுவதும், கூத்தர் வியர்வை வழிய ஆடுவதும், அடி தவறினால் சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்வதும் திரையில் கிடைக்காதவை. ஒரு கலைக்குப் பின்னே எத்துணை உழைப்பு உள்ளது என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் கண்ணாரக் காண்கின்றனர்.

நம்மவர்க்கு உரிய ஒரு யோசனையும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் கதிரவன் கடலில் மறைவதில்லை. ஆனால் நிலா கடலிலிருந்து எழுகிறது. நம் மாதங்களோ பிறையைக் கொண்டு கணக்கிடப்படுபவை. பிறை 14 அல்லது 15ஆம் நாளின் மாலையைத் தேர்ந்துகொண்டால், மஃரிபு நேரத்தை ஒட்டி முழுநிலா கடல் மேல் எழுவதைக் காணலாம். நகரின் தென்பகுதியில் முல்லா வீதி, காஜியார் வீதி முதலியவை அடங்கிய முஸ்லிம்களின் பழைய குடியிருப்பு உள்ளது. பள்ளிவாசலில் தொழுகையை முடித்துக் கடற்கரைக்கு நடந்தே வந்துவிடலாம். நாட்காட்டியில் நம் வீட்டுக்கு முன்பே தெரிந்துவிடும் அரங்கேற்றம் அது!

நகரத்துக்குள் சோலையும் ஏரியும்

கடற்கரையோடு நகரத்தின் இயற்கை முடிந்துவிடவில்லை. 1826ஆம் ஆண்டு பிரெஞ்சியர் ஆட்சியில் அமைக்கப்பெற்ற தாவரவியல் பூங்கா, பல நாட்டு மரஞ்செடிகளைக் கொணர்ந்து இம்மண்ணுக்கு ஒத்து வருமா என்று வளர்த்துப் பார்த்த இடம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நட்டதன் நிழலில் இன்று நாம் கட்டுச்சோறு பிரிக்கிறோம். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று வீசிய ‘தானே’ புயல் நகரத்து மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. ஓர் இரவில் விழும் நிழலை மீண்டும் பெற ஒரு தலைமுறை காத்திருக்க நேர்கிறது.

கடற்கரைக்கு அருகே உள்ள பாரதி பூங்காவின் நடுவில் வெண்ணிற ஆயி மண்டபம் நிற்கிறது. ஆயி என்ற பெண், அரசனின் ஆணையால் தன் மாளிகையைத் தானே இடித்து, அவ்விடத்தில் மக்களுக்காகக் குளம் வெட்டினாள் என்பது வழிவழியாக வரும் கதை. பிற்காலத்தில் நகரம் குடிநீருக்குத் தவித்தபோது, முத்தரையர்பாளையத்திலிருந்த அந்த நீர்நிலையிலிருந்து நகருக்கு நீர் கொண்டு வந்ததாகவும், அதன் நினைவாகப் பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் இம்மண்டபம் எழுந்ததாகவும் சொல்வர். புதுவையின் நடுமையத்தில் மண்டபம் பெற்றவர் ஆளுநரோ படைத்தலைவரோ அல்லர்; ஒரு நீர்நிலையை ஊருக்கு விட்டுச் சென்ற பெண். பிள்ளைகளை அங்கே அமர்த்தி இக்கதையைச் சொல்லுங்கள்.

நகருக்கு மேற்கே ஊசுட்டேரி உள்ளது. புதுவைக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையாய், இரு பக்கமும் பரந்து கிடக்கும் பெரிய ஏரி. அதன் புதுவைப் பகுதி 2008ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பெற்றது. மழைக்காலம் முடிந்து மாசி வரை அங்கே நாரையும் வாத்தும் கூட்டமாகக் கூடும்.

இதைக் காண அனுமந்தையார் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டும் என்பதும் இல்லை. அவர்கள் கொல்லைப்புறத்திலேயே கழுவெளி கிடக்கிறது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி என்று இதனைக் கூறுவர். மழை நீர் மேற்கிலிருந்து வந்து நிறைக்க, கடல் நீர் கழிமுகம் வழியே உட்புகுந்து கலக்கிறது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இடத்தில் மீனும் இறாலும் புழுவும் பெருகுகின்றன. அவற்றைத் தேடி நடு ஆசியாவிலிருந்தும் வட நாடுகளிலிருந்தும் பறவைகள் வருகின்றன. 5,151 ஹெக்டேர் பரப்புள்ள இதனைத் தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் இது ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

உப்பளம் ஓயும் காலமே பறவைகள் வரத் தொடங்கும் காலம் என்பது கவனிக்கத்தக்கது. மழை தொடங்கி உப்புப் பாத்தியில் வேலை நின்றபின், உழைத்துக் களைத்த குடும்பங்களுக்கு ஓய்வு நாள்கள் கிடைக்கும்போது, பூநாரையும் உள்ளானும் கூழைக்கடாவும் வாயிலில் வந்து நிற்கின்றன. புதுவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் தொலைநோக்கிகளோடு வந்து பார்ப்பவர் இருக்க, ஏரிக்கரையில் பிறந்த பெண்மக்களுள் எத்தனை பேர் ஒரு காலையேனும் கரையில் நின்று அவற்றைக் கண்டிருப்பர் என்று எண்ணுங்கள்.

போன மணலும் வந்த மணலும்

இதுவரை சொன்ன இன்பங்களுள் பலவற்றுக்குக் காசு வேண்டியதில்லை. காசில்லாமல் கிடைப்பது என்றும் கிடைக்கும் என்று எண்ணுவதே நாம் செய்யும் தவறு. புதுவைக் கடற்கரையே இதற்குச் சான்று.

இன்று நாற்பது வயதைக் கடந்த புதுவைவாசிகள், தம் இளமையில் அங்கே அகன்ற மணற்பரப்பு இருந்ததைச் சொல்வார்கள். அது எங்கே போயிற்று? இக்கரையில் அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகர்த்துகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கிச் செல்லும் ஆறு போன்றது. 1980களின் பிற்பகுதியில் நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலினுள் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பெற்றன. மணல் ஆற்றுக்கு அணை போட்டது போலாயிற்று. சுவருக்குத் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே உள்ள நகரத்துக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. இருந்த மணலை அலை எடுத்துச் சென்றது. நகரைக் காக்கக் கரை நெடுகப் பாறாங்கற்கள் கொட்டப்பெற்றன. கடற்கரை, கல்கரை ஆயிற்று.

அத்தோடு நிற்கவில்லை. கல் போட்ட இடத்தில் நின்ற அரிப்பு, கல் இல்லாத வடக்கே நகர்ந்தது. கோட்டக்குப்பத்தை ஒட்டிய தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எனத் தமிழ்நாட்டுக் கரையூர்களைக் கடல் தின்னத் தொடங்கியது. வலை உலர்த்திய மணலும், படகு ஏற்றிய மணலும், மாலையில் பெண்கள் அமர்ந்து பேசிய மணலும் போயின. நகரத்தார் இழந்தது நடைப்பயிற்சி. மீனவர் இழந்தது வீடும் தொழிலும். பொது இடம் ஒன்று அழியும்போது, பணம் உள்ளவர் வேறு இடம் தேடிக்கொள்வர். இல்லாதவருக்கு மாற்று இடம் இல்லை.

ஆறுதலான செய்தியும் உண்டு. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி, 2018ஆம் ஆண்டு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் எஃகாலான செயற்கைத் திட்டு ஒன்று அமைக்கப்பெற்றது. அலையின் வேகம் அதனால் தணிய, அதன் பின்னே மணல் மீண்டும் படியத் தொடங்கியது. கல்லை மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளைகள் முதன்முறையாகத் தம் நகரத்து மணலில் கால் பதித்தனர். எனினும் மீண்டது ஒரு பகுதியே. வடக்கே கரையூர்களின் துயர் இன்னும் தீர்ந்தபாடில்லை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, குடும்பத்தோடு செல்லுங்கள். மாதத்தில் ஒரு மாலையேனும் வீட்டுப் பெண்களும் முதியோரும் திறந்த வெளியில் மனம்போல் அமர்ந்திருக்கட்டும். அன்று அடுப்படி வேலையைப் பிள்ளைகளும் ஆடவரும் பகிர்ந்துகொண்டால்தான் அவர்களால் அஸருக்குப் பின் கிளம்ப முடியும் என்பதையும் மறவாதீர்கள்.

இரண்டாவது, கலைஞனை முழுதும் பாருங்கள். கைப்பேசியில் அரை நிமிடம் படம் பிடித்துவிட்டு நகர்வது அவனுக்குச் செய்யும் மரியாதை அன்று. தெருவோரத்தில் சிலம்பம் சுற்றுபவருக்கோ குழல் வாசிப்பவருக்கோ கொடுக்கும் பணத்தைப் பிள்ளை கையால் கொடுக்கச் செய்யுங்கள். வாங்குபவன் இரவலன் அல்லன், உழைத்தவன் என்பதைப் பிள்ளை அறியட்டும்.

மூன்றாவது, கவனமும் அடக்கமும் வேண்டும். புதுவைக் கரையின் பாறைகள் வழுக்கும் இயல்புடையவை. அங்கே கடலில் இறங்குவது உயிருக்கு ஆபத்து. பறவை ஏரியில் கூச்சலிடுவதும், பறவை எழுந்து பறப்பதைக் காணக் கல்லெறிவதும் கொடுமை. ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த பறவைக்கு, அங்கே தின்று சேர்க்கும் கொழுப்பே திரும்பிச் செல்லும் வழிச்சோறு. கொண்டு சென்ற உணவின் உறையைக் கொண்டு சென்றவரே திரும்பக் கொண்டு வருதல் வேண்டும்.

நான்காவது, இதுவே தலையாயது: பொது இடத்துக்காகப் பேசப் பழகுங்கள். கடற்கரையில் பெரிய கட்டுமானம் ஒன்று வருமுன், சட்டப்படி தேவைப்படும் திட்டங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. அந்த அறிவிப்பை நாளேட்டில் கண்டும் காணாதது போல் விட்டுவிடுகிறோம். மணல் போனபின் வருந்துவதைவிட, சுவர் எழுமுன் ஒரு வினா எழுப்புவது எளிது. ஜமாஅத்தாரும் ஊராட்சியும் மீனவப் பஞ்சாயத்தாரும் உப்பளத் தொழிலாளரும் சேர்ந்து சென்று கேட்டால் அந்தக் குரலுக்கு வலிமை உண்டு. பெண்களும் அக்கூட்டத்துக்குச் செல்லட்டும். அந்தக் கரையை நிழலாகவும் காற்றாகவும் அதிகம் நாடி நிற்பவர்கள் அவர்களே.

அனுமந்தையின் குமரிப்பெண் ஒருத்தி, தன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, முழுநிலா கடலிலிருந்து எழுவதை மணலில் அமர்ந்து காண வேண்டும். அவள் மகளும் அதே மணலில் அமர வேண்டும். அதற்கு நிலவைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அது தன் நாளில் தவறாமல் வரும். மணலைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.